புற்றுநோய் வந்தவர் மெலிந்துகொண்டே போகும்போது நடைப்பயிற்சியும் சத்துப் பவுடரும் உதவுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அம்மாவுக்கு 59 வயது, பெருங்குடலில் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன் ஆகி, கீமோவும் போன மாதம் முடிந்துவிட்டது. குறைந்த எடை இன்னும் ஏறவில்லை. வாக்கிங் போகச் சொல்லலாமா? சொந்தக்காரர்கள் சொல்லும் புரோட்டீன் பவுடர், மஞ்சள் மாத்திரை, முள்சீத்தா இலைக் கஷாயம் இதெல்லாம் கட்டி திரும்ப வளராமல் தடுக்குமா?

நான் டாக்டர் இல்லை. இரைப்பைப் புற்றுநோய் வந்த என் அப்பாவோடு பதினான்கு மாதம் கூடவே இருந்தவள். அதில் முதல் மூன்று மாதத்தை நாங்கள் வீணடித்தோம். உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா விருதுநகர்ப் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டுவார். ஒருநாள் மதியம் அடுப்படியில் கோணி ஊசியைக் காய வைத்து பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். "என்னப்பா பண்றீங்க?" என்றேன். "பெல்ட்டு நீண்டு போச்சு தாயி" என்றார். பக்கத்திலேயே இன்னும் இரண்டு ஓட்டை, அவையும் ஊசியால் போட்டவை. 66 கிலோ இருந்தவர், நோய் இன்னதென்று தெரிந்த அன்று 58.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் தப்பு. அத்தை வந்து உட்கார்ந்து பத்தியம் சொன்னார். முட்டை சூடு, மீன் ஆகாது, பால் சளி, சீனி போட்டால் கட்டி வளரும். எல்லாம் அண்ணன் மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். நாங்களும் பயத்தில் அப்படியே கேட்டோம். காலையில் கஞ்சி, மதியம் ரசம் சோறு, ராத்திரி மறுபடியும் கஞ்சி, நடுவில் மோர். கீமோவுக்குப் போய்வந்த ஆஸ்பத்திரியிலும் எடை எவ்வளவு குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் வேறொரு இடத்தில் ஒரு டயட்டீஷியன் அம்மா, முந்தைய நாள் அப்பா சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதச் சொன்னார். கூட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இருபது கிராம் புரதம்கூடத் தேறலையேம்மா, இவருக்குக் குறைஞ்சது எழுபது வேணும்" என்றார். அன்று அப்பா 54 கிலோ.

அந்த டயட்டீஷியன் சொல்லித்தான் இந்த உருக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு, அதுவே தனி நோய் என்று தெரிந்தது. கேக்கெக்சியா என்பார்கள். சாதாரணமாகப் பட்டினி கிடந்தால் உடம்பு முதலில் கொழுப்பை எரிக்கும், தசையை முடிந்தவரை காப்பாற்றிக்கொள்ளும். இதில் அப்படி இல்லை. கட்டியும், அதை எதிர்க்கும் உடம்பும் சேர்ந்து அழற்சியை, அதாவது உடம்புக்குள் ஓயாத ஒரு புகைச்சலைக் கிளப்பிவிடுகின்றன. இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் தசையின் புரதத்தை உடைக்கின்றன. ஜிடிஎஃப்-15 என்ற இன்னொன்று மூளைத் தண்டில் போய்ப் பசியையே அணைத்துவிடுகிறது. சாப்பிடாததால் மெலிகிறார் என்று நாம் நினைக்கிறோம். மெலிய வைக்கிற அதே நோய்தான் சாப்பிடவும் விடாமல் செய்கிறது.

இது தெரியாமல் நான் அப்பாவோடு எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! "எனக்காக இன்னும் ரெண்டு வாய் சாப்பிடக் கூடாதாப்பா?" என்று அழுதிருக்கிறேன். அவரும் எனக்காகவே விழுங்கி, பின்னால் போய் வாந்தி எடுத்திருக்கிறார். உங்கள் அம்மா சாப்பிட மறுத்தால் தயவுசெய்து கோபப்படாதீர்கள். அது பிடிவாதம் இல்லை.

2011-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து இதற்கு ஓர் அளவு வைத்தார்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால் அது கேக்கெக்சியா. ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே கணக்கு. அதாவது 60 கிலோ ஆளுக்கு மூன்று கிலோதான் எல்லை. நாம் மூன்று கிலோவை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. முற்றிய நிலைக்குப் போய்விட்டால் என்ன ஊட்டினாலும் உடம்பு வாங்காது, ஆரம்பத்தில் பிடித்தால்தான் ஏதாவது செய்ய முடியும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதலில் புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம் புரதமும், 25 முதல் 30 கலோரியும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது இப்படி வந்தது: மூன்று முட்டை, அரை லிட்டர் பால், ஒரு வேளை மீன், ஒரு கிண்ணம் பாசிப்பயறோ சுண்டலோ, தயிர். கஞ்சியை நிறுத்தவில்லை. அதிலேயே வறுத்த நிலக்கடலைப் பொடியும் புரோட்டீன் பவுடரும் கரைத்தோம். ஒரு தட்டில் வைத்தால் பார்த்ததுமே மலைத்துவிடுவார் என்பதால் சின்னக் கிண்ணத்தில் ஏழு தடவை. பால் புரதத்தில் செய்த சாதாரணப் பவுடர்தான், டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தது. பவுடரில் மந்திரம் ஒன்றும் இல்லை. வாயால் சாப்பிட்டு எட்டாத பாக்கிக் கணக்கை அது நிரப்பும், அவ்வளவுதான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் கிடையாது. மெலிகிறவரின் சாப்பாட்டைக் குறைப்பதால் முதலில் பட்டினி கிடப்பது அவருடைய தசை.

மெலிவுக்கென்று தரும் சப்ளிமெண்டுகளில் ஓரளவு ஆதாரம் உள்ளது மீன் எண்ணெய். அதில் உள்ள இபிஏ என்ற கொழுப்பு அழற்சியைத் தணிக்கும். கீமோவில் இருந்துகொண்டு எடை குறைபவர்களுக்கு அந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் இதைச் சொல்கிறது, ஆனால் பலமான பரிந்துரையாக இல்லை, ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லாததால். இத்தாலியில் டூரினில் 2011-இல் எலிகளிடம் பார்த்தபோது, இபிஏவை மட்டும் கொடுத்ததைவிட, அதோடு ஓட்டப் பயிற்சியும் சேர்ந்தபோது தசை நன்றாக நின்றது. அப்பாவுக்கு அந்த மாத்திரை ஏப்பமாக எதிர்த்துக்கொண்டு வந்தது. விட்டுவிட்டு வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைத்தோம்.

பயிற்சியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் எதிர்த்தது அதைத்தான். "இருக்கிற தெம்பும் போயிரும், படுக்க விடு" என்றார்கள். ஆனால் படுத்தே கிடந்தால் நல்ல உடம்பிலேயே தசை கரையும். சாப்பிட்ட புரதம் தசையில் போய்ச் சேர, தசைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

பிசியோ சொன்னது ஒரே ஒரு பயிற்சி. கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். முதல் நாள் அப்பாவால் இரண்டு தடவைதான் முடிந்தது. முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்த கால். தொடையைப் பிடித்துப் பார்த்தேன், என் கைக்குள் அடங்கியது. மூன்றாவது தடவை எழ முடியாமல் உட்கார்ந்தவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், "போலாம் ரைட்" என்றேன். சிரித்துவிட்டு எழுந்தார். அதன் பிறகு தினமும் அதுதான் எங்கள் சத்தம். ஒரு நாற்பது பக்க நோட்டில் அவரே டிரிப் ஷீட் மாதிரிக் கோடு போட்டு, தேதி, எடை, முட்டை, எழுந்தது, நடந்தது என்று எழுத ஆரம்பித்தார். ஆறு வாரத்தில் பன்னிரண்டு தடவை எழுந்தார். தெருமுனை வேப்பமரம் வரை போய்வந்தார்.

எடை ஏறியதா என்றால், ஒரு கிலோ கூடியது, அப்படியே நின்றது. மூன்று மாதம் இறங்காமல் நின்றதே எங்களுக்குப் பெரிய விஷயம். 2024-இல் வெளிவந்த மெனாக் என்ற ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் காட்டியது. நுரையீரல், கணையப் புற்றுநோயாளிகள் 212 பேர். ஒரு பிரிவுக்கு மட்டும் கீமோவோடு பயிற்சி, ஊட்டச்சத்து ஆலோசனை, மீன் எண்ணெய் சேர்ந்த பானம், அழற்சியைத் தணிக்கும் மாத்திரை எல்லாம் ஆறு வாரம் கொடுத்தார்கள். அவர்களுடைய எடை இறங்காமல் நின்றது, மற்றவர்களுக்குச் சராசரி ஒரு கிலோ இறங்கியது. தசை அளவிலும் நடந்த அடிகளிலும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் அதிசயம் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா கடைசிப் பத்து நாள் தவிர, கழிப்பறைக்குத் தானே நடந்து போனார். அவருக்கு அது மானப் பிரச்சினை. எனக்கு அது போதும்.

அப்பாவுக்குப் பசி திரும்பியதில் ஒரு மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஒலான்சபின், 2.5 மில்லிகிராம், ராத்திரி ஒன்று. மருந்துக்கடைக்காரர், "இது மனநோய்க்குள்ளதாச்சே" என்று கேட்க, என் கணவர் வாங்காமலே திரும்பிவிட்டார். பெரிய டோஸில் அது மனநோய்க்குத்தான். ஆனால் புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை, கல்லீரல்-கணையம்-பித்தப்பை, நுரையீரல் புற்றுநோயாளிகள் 124 பேரை வைத்து இந்தச் சின்ன அளவைச் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள், மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 9. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே அதைப் பார்த்துத் தன் வழிகாட்டுதலை மாற்றியது. நம் பக்கத்து ஊரில் நடந்த ஆய்வு நம் வீடுகளுக்குத் தெரியவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. தூக்கம் வரும், எல்லோருக்கும் ஒத்துக்காது, டாக்டர் எழுதித்தான் சாப்பிட வேண்டும்.

இனி உங்கள் கேள்வியின் மையம்: கட்டி வளர்வதைத் தடுக்குமா? சக்கரத்தில் ஓடிய எலிகளுக்குக் கட்டி அறுபது சதவீதத்துக்கு மேல் சிறுத்ததை 2016-இல் கோபன்ஹேகனில் பார்த்தார்கள். ஓடும்போது சுரக்கும் அட்ரினலின், நோயெதிர்ப்புச் செல்களைக் கட்டிக்குள் அனுப்பியது. எலிக்கு நடப்பது நமக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அம்மாவின் அதே நோயில் மனிதர்களிடமே ஆய்வு நடந்திருக்கிறது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், சேலஞ்ச் என்ற பெயரில், 2009-இல் தொடங்கி, 2025-இல் வெளியானது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். ஒரு பிரிவுக்கு ஆரோக்கியக் கையேடு மட்டும். மற்றவர்களுக்குப் பயிற்சியாளர் துணையோடு மூன்று வருஷம் பயிற்சி. வாரம் மூன்று நான்கு நாள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகமாக நடப்பது அளவுக்கு. எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 90.3 சதவீதம், மற்றதில் 83.2. நோய் திரும்புவதும் குறைந்தது. இதைச் சொன்னபோது எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், "இதையே மாத்திரையா வித்தா லட்ச ரூபா சொல்லுவாங்க" என்றார்.

அவர்களைக் கீமோ முடிந்து இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள்தான் சேர்த்தார்கள். உங்கள் அம்மா இப்போது சரியாக அந்த வாசலில் நிற்கிறார்.

இந்த மாதிரி ஒரு கணக்கு எந்தச் சப்ளிமெண்டுக்கும் கிடையாது. தலைகீழாகவே நடந்திருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில், கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994-இல் வெளியானது. கடலையில் உள்ள வைட்டமின் ஈ, மாத்திரையாகச் சாப்பிட்டபோது ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயை 17 சதவீதம் கூட்டியது என்று 2011-இல் தெரிந்தது. கேரட்டும் கடலையும் சாப்பிடுவது வேறு, அதில் ஒரு சத்தை மட்டும் மாத்திரையாக விழுங்குவது வேறு. குழம்பில் போடும் மஞ்சளுக்கு ஒன்றும் ஆகாது. செறிவாக்கிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். முள்சீத்தாவில் அனோனசின் என்ற நரம்பைப் பாதிக்கும் பொருள் இருக்கிறது. குவாதலூப் தீவில் அதை அதிகம் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோயைக் கண்டார்கள். எங்கள் தெருவில் ஒருவர் நித்தியகல்யாணிப் பூவைத் தின்றார், அதிலிருந்துதானே கீமோ மருந்து எடுக்கிறார்கள் என்று. எடுப்பது உண்மைதான், வின்கிறிஸ்டின் அதிலிருந்து வந்தது. அது மில்லிகிராம் கணக்கில் ரத்தக் குழாயில் ஏற்றும் விஷ மருந்து. செடியில் யார் அளப்பது?

அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கீமோ முடிந்தும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டி, நோய் திரும்பவில்லை, தைராய்டு, சர்க்கரை ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எலும்புக்குப் பரவல், ரத்தத் தட்டணு குறைவு, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு இருந்தால் அவர் சரி சொல்லும்வரை பயிற்சி வேண்டாம். சரி என்றால் முதல் வாரம் வீட்டு வாசலிலேயே பத்து நிமிஷம், கூடவே நாற்காலி. கீமோவால் பாதம் மரத்திருந்தால் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு டயட்டீஷியனை ஒரு தடவையாவது பாருங்கள். என்ன கஷாயம், என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நாளைக் காலை வெறும் வயிற்றில் அம்மாவின் எடையைப் பாருங்கள். ஆறு மாதம் முந்தைய எடை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். இரண்டையும் கமெண்டில் போடுங்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும், உங்கள் வீட்டுச் சாப்பாட்டிலேயே அது எப்படி வரும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம். அப்பாவின் நோட்டு என் மேஜையில்தான் இருக்கிறது.