வாசகர் கேள்வி: கறுப்பு கவரும் நீலத் தண்ணீரும்

கொருக்குப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாப்கினை நியூஸ்பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டுத்தான் கொடுக்கிறோம். வெளிநாட்டிலும் இப்படித்தானா? நிறுத்தினால் விற்பனை குறையுமா?

மூடி விற்பது நம் ஊரில் மட்டும் இருந்த வழக்கமல்ல. முதல் உலகப் போரின்போது, அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் கம்பெனி காயக்கட்டுக்காக மரக்கூழிலிருந்து 'செல்லுகாட்டன்' என்ற பஞ்சைத் தயாரித்தது. பருத்திப் பஞ்சைவிட நன்றாக உறிஞ்சும். நர்சுகள் அதையே மாதவிலக்குக்கும் வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்து பஞ்சு தேங்கியதும், மெல்லிய வலைத்துணியில் சுற்றி 1920இல் 'கோட்டெக்ஸ்' என்ற பெயரில் கடைக்கு அனுப்பினார்கள். ஆண் கடைக்காரரிடம் கேட்கப் பெண்கள் கூசியதால் சரக்கு நகரவில்லை. பிறகு வெறும் தாள் சுற்றிய பெட்டிகளைக் கவுன்ட்டரில் அடுக்கி, பக்கத்தில் ஓர் உண்டியல் வைத்தார்கள். காசைப் போட்டுவிட்டுப் பேசாமல் எடுத்துப் போகலாம்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த உண்டியல் யோசனையை, தாளை அல்ல. வாய்விட்டுக் கேட்க வேண்டிய நிலைதான் பெண்களைத் தயங்க வைக்கிறது. நாப்கினை உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள மேல்தட்டிலிருந்து இறக்கி, சோப்புக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் உயரத்தில், விலையும் அளவும் தெரிய வையுங்கள். சுற்றிக் கொடுத்தால் ரெகுலரா எக்ஸ்எல்லா என்பதே வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். கறுப்பு கேரி பேக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. நாப்கினுக்கு 2018 ஜூலை முதல் ஜிஎஸ்டியும் இல்லை. கொள்முதல் பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துப் பார்க்க முடிகிற பொருளின் விற்பனை குறையக் காரணமே இல்லை.

விளம்பரத்தில் நீலத் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார்களே, அதை நம்பலாமா? (வியாசர்பாடி வாசகி)

நம்பி வாங்காதீர்கள். வெறும் தண்ணீரை, ஈரம் உறிஞ்ச நாப்கினுக்குள் வைத்திருக்கும் ஜெல் மிக எளிதாக இழுத்துக்கொள்ளும். உப்பு கலந்த நீரில் அதன் கொள்ளளவு வெகுவாகக் குறையும். ரத்தத்தில் உப்பும் உண்டு, அது தண்ணீரைவிடக் கெட்டியும்கூட.

நம் நாட்டுத் தரநிலையான ஐஎஸ் 5405, நாப்கினில் நிமிடத்துக்கு 15 மி.லி. வேகத்தில் 30 மி.லி. திரவம் விட்டுப் பார்க்கச் சொல்கிறது. பக்கத்திலோ அடியிலோ கசியக் கூடாது. வீட்டில் செய்ய, 150 மி.லி. தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பைக் கரையுங்கள். மருந்து ஃபில்லரால் நடுவில் 20 விநாடிக்கு ஒருமுறை 5 மி.லி., மொத்தம் ஆறு தடவை விடுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் நல்ல நாப்கினிலும் ஓரமாக ஓடிவிடும், ஜெல் உப்ப நேரம் வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்திருந்து சட்டென எழும்போது கறை படுவதும் இதனால்தான்.

பயன்படுத்தியதை எப்படிப் போடுவது? (கொடுங்கையூர் வாசகி)

நியூஸ்பேப்பருக்கு உண்மையான வேலை இங்கேதான். ஒட்டும் பக்கம் வெளியே வராமல் சுருட்டி, தாளில் இறுக்கிச் சுற்றி, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். அடியில் இருப்பது பிளாஸ்டிக் என்பதால் மக்கும் குப்பையில் சேர்க்கக் கூடாது. டாய்லெட்டில் போட்டால் ஜெல் உப்பிக் குழாயை அடைக்கும், அதை எடுக்க யாரோ ஒருவர் கை விட வேண்டியிருக்கும்.