திடீர்க் குளிர்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது? (கேள்வி-பதில்)

எங்கள் ஊருக்குக் குளிரே புதிது. சுவர் பிளக்கிலேயே மாட்டும் குட்டி ஹீட்டர், 400 வாட், "பத்தே நிமிடத்தில் முழு வீடும் சூடு, மின்செலவு பாதி" என்று விளம்பரம் வந்தது. இரண்டு வாங்கினேன். அறைகூடச் சூடாகவில்லை. பழுதா ஐயா?

பழுதில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். குளிர் அலை என்று செய்தி வந்த மறுநாளே இந்த விளம்பரங்கள் முளைத்துவிடும், இதற்கு முன் ஹீட்டர் வாங்கியே பழக்கமில்லாதவர்கள்தான் அவர்கள் குறி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பிச்சுருள், பீங்கான், எண்ணெய் நிரப்பியது, அகச்சிவப்பு, எந்தப் பெயரில் வந்தாலும் மின்சாரத்தை நேராக வெப்பமாக்கும் ஹீட்டர், இழுக்கும் மின்சாரம் அவ்வளவையும் வெப்பமாகத் தரும், அதற்கு மேல் தரவே முடியாது. 1500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். மலிவான 1500 வாட்டும் விலை கூடிய 1500 வாட்டும் அறைக்குத் தரும் வெப்பம் ஒன்றுதான். சத்தம், கவிழ்ந்தால் தானே அணைகிறதா, வேண்டிய சூடு வந்ததும் ஹீட்டரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்கிறதா, இவற்றில்தான் வித்தியாசம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. அப்படியென்றால் உங்கள் 400 வாட் ஹீட்டர், அறையில் நாலு பேர் கூடுதலாக வந்து உட்கார்ந்ததற்குச் சமம். அது எப்படி வீட்டையே சூடாக்கும்?

விதிவிலக்கு ஒன்று உண்டு. சூடாக்கும் வசதியுள்ள ஏசி வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், கடுங்குளிரில் கொஞ்சம் குறையும். ரிமோட்டில் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் அது இருப்பதே தெரியாமல் ஹீட்டர் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

நானும் இந்தக் குட்டி ஹீட்டர் ஒன்றை வாங்கியவன்தான். பெட்டியில் எங்குமே வாட் கணக்கு இல்லை, பிளக்கின் அடியில் எறும்பு எழுத்தில் அடித்திருந்தார்கள். விற்றவர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். வாட் எண் வெளியே அச்சிடாத பெட்டியை இப்போது நான் தொடுவதில்லை. நீங்கள் விளம்பரத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு இருக்காது. கார்டில் கட்டியிருந்தால் "விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை" என்று எழுதி வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?

கூடாது. சுவர் பாயிண்ட் மட்டும். திரைச்சீலை, மெத்தையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி.

கரன்ட் போய்விட்டால் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும்தானே? ஜெனரேட்டரும் வாங்கலாம் என்றிருக்கிறேன், கார் ஷெட்டில் வைக்க.

இரண்டும் வேண்டாம், தயவுசெய்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, கிறக்கம், தூக்கம், அதோடு ஆள் எழுந்திருப்பதில்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரும் மின்வெட்டும் சேர்ந்து வந்தபோது மாநில அரசுக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் உடல் வெப்பம் இறங்கி இறந்தவர்கள், ஆனால் வீட்டைச் சூடாக்கப் போய் இந்த வாயுவால் இறந்தவர்களும் அதில் உண்டு. ஜெனரேட்டர் திறந்த வெளியில், ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதை வாங்கும் முன் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்குங்கள், பெட்டியில் இ.என். 50291 அல்லது யு.எல். 2034 என்ற தர எண் இருக்க வேண்டும்.

போன வருடம் ஆஃபரில் வாங்கிய ஜாக்கெட்டை இப்போதுதான் பிரித்தேன். ஜிப் பழுது. பில்லும் இல்லை, டேக்கும் கிழித்தாயிற்று. என்ன செய்யலாம்?

தையல்காரரிடம் கொடுங்கள். வாங்கிய அன்றே போட்டுப் பார்க்கச் சொல்லி எத்தனை முறைதான் எழுதுவது?

ஜாக்கெட்டில் "மைனஸ் 30 டிகிரி வரை" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

சாதாரணக் கடை ஜாக்கெட்டில் இருக்கும் அந்த எண் பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொண்டது. ஒரே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடப்பவருக்கும் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் குளிர் ஒன்றா? தூங்கும் பைக்கு (ஸ்லீப்பிங் பேக்) மட்டும் ஐ.எஸ்.ஓ. 23537 என்று உருப்படியான சோதனை முறை இருக்கிறது, அதிலும் சௌகரிய வெப்பநிலை என்று குறித்த எண்ணைப் பாருங்கள். உறையில் கொட்டை எழுத்தில் இருப்பது பல சமயம் உயிர் தப்பும் எல்லை. அதை நம்பி வாங்கிய பை ஒன்று என்னிடமும் இருக்கிறது, அதற்குள் படுத்து விடிய விடிய நடுங்கினேன்.

ஒரு தடி ஜாக்கெட்டை விட மெல்லிய கம்பளி, அதன் மேல் தளர்வாக ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத ஒன்று என்று அடுக்காகப் போடுவது மேல். உடம்போடு ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் குளிர் ஏறும். ஷூவும் இறுக்கமாக இருக்கக் கூடாது.

அம்மாவுக்குப் பரணில் இருந்த பழைய ரப்பர் வெந்நீர்ப் பையை எடுத்துக் கொடுத்தேன். பரவாயில்லையா?

முதலில் அதன் கழுத்துப் பக்கம் பாருங்கள், பூ மாதிரி ஒரு முத்திரை அச்சாகியிருக்கும். நடுவில் இருப்பது வருடம், 12 இதழ்களும் மாதங்கள், இதழுக்குள் புள்ளிகள் வாரம். இரண்டு மூன்று வருடத்தைத் தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். பரணில் சும்மா கிடந்தாலும் ரப்பர் கெட்டுப்போகும், வெடித்தால் அம்மாவுக்குத்தான் கொப்புளம். புதுப் பையிலும் கொதிக்கும் நீர் ஊற்றாமல், முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல், காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள்.

சந்தை விலைக்கேற்ப மாறும் மின் கட்டணத் திட்டத்தில் சேர்ந்தேன். குளிர் வந்ததும் பில் பல மடங்கு. என் தப்பா?

இல்லை. ஹீட்டரை அணைக்கவே முடியாத நாளில்தான் சந்தை விலையும் ஏறும், இதை உங்களிடம் விற்றவருக்கு அது தெரியும். அதே டெக்சாஸ் குளிரில் மின்சாரத்தின் மொத்த விற்பனைச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போய், சில நாள் மின்சாரத்துக்கே ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்த குடும்பங்கள் உண்டு. அந்த ஆண்டே வீடுகளுக்கு இந்த வகைத் திட்டத்தை விற்பதை அந்த மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்தது. நீங்கள் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வழக்கமாக வரும் தொகையை மட்டும் இப்போது கட்டி, மீதியைப் பிரச்சினைக்குரிய தொகை என்று குறித்து, தவணை கேளுங்கள். இந்த வாரமே நிலையான கட்டணத் திட்டத்துக்கு மாறிவிடுங்கள், குளிர் இன்னும் முடியவில்லை.