கழிவுத் தொட்டிக்குள் இறங்கும் வேலை: பயிற்சி பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ராணிப்பேட்டை, தோல் ஆலை மேற்பார்வையாளர்): ஐயா, எங்கள் ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய) சேகரிப்புத் தொட்டியில் சேறு அள்ள ஆள் இறக்குகிறோம். வருடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். இது போதுமா?

பதில்: போதாது. முதலில், ஆள் இறங்கித்தான் ஆக வேண்டுமா என்று பாருங்கள். உறிஞ்சு லாரியாலோ சேற்று பம்பாலோ மேலிருந்தே பாதிக்கு மேல் எடுத்துவிடலாம். அப்புறமும் இறங்க வேண்டியிருந்தால்தான் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் ஆலைக்கே உரிய ஆபத்திலிருந்து ஆரம்பியுங்கள். முடி நீக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் சோடியம் சல்பைடு இருக்கிறது. தோலை அமிலத்தில் ஊறவைத்த பிக்கிள் தண்ணீரும், பதனிட்ட குரோம் தண்ணீரும் அமிலம். இரண்டும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். உள்ளே ஆள் இருக்கும்போது ஷெட்டில் ஒருவர் தோல் ஊறும் டிரம்மைத் திறந்துவிட்டால் போதும், சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் தொட்டிக்கு வரும் எல்லா வால்வையும் மூடிப் பூட்டுப் போட்டு, சாவியை இறங்குபவர் தன் பையிலேயே வைத்துக்கொள்ளப் பழக்குங்கள். டிரம் ஆட்களையும் இந்தப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். பல ஆலைகளில் அவர்களைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நேரத்தில் கால்பங்கு பேச்சுக்குப் போதும். மீதி நேரம் முழுக்க அவர்களே கையால் செய்து பார்க்கட்டும். பீகார், ஒடிசா தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். சொன்னதைத் திருப்பிச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (ஒப்பந்தத் தொழிலாளி): அண்ணா, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மேலே ஏறிவிடு என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: தம்பி, அதை நம்பி இறங்காதீங்க. அது ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம். 1 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழேயே நாற்றம் தெரியும், ஆனால் 100 பிபிஎம் அளவில் சில நிமிடத்திலேயே மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 1000 பிபிஎம் என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். இன்னொன்று, இந்த வாயு சேற்றுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். மேலே வாயு மீட்டர் பூஜ்யம் காட்டும். மண்வெட்டியால் ஒரு தடவை கிளறியதும் குபுகுபுவென்று வரும். அதனால் மீட்டர் வேலை முடியும்வரை உங்க நெஞ்சுப் பக்கமே மாட்டியிருக்கணும். சத்தம் போட்டால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் மேலே வந்துடுங்க.

கேள்வி (திருப்பூர், சாயப்பட்டறை): வாயு மீட்டர் வாங்கினோம். எப்படிப் பிடித்துப் பார்ப்பது?

பதில்: மூடிக்கு வெளியே, நல்ல காற்றில் ஆன் செய்யுங்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சோதனை வாயு கொடுத்துப் பார்த்த பிறகே குழாயை இறக்குங்கள். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பாருங்கள். குழாய் நீளம் கூடக் கூட வாயு மேலே வந்துசேர நேரமாகும். வந்த பிறகும் மட்டத்துக்கு 2 நிமிடமாவது பொறுங்கள். அவசரத்தில் எடுத்த அளவு தவறாகத்தான் இருக்கும்.

ஆக்சிஜன் 19.5-க்குக் கீழேயோ 23.5-க்கு மேலேயோ போகக்கூடாது. எரிவாயு, வெடிக்கத் தொடங்கும் கீழ் வரம்பில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குக் கீழே. சாப்பாட்டு இடைவேளை முடிந்து திரும்ப இறங்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து பாருங்கள்.

மெழுகுவத்தி ஏற்றி இறக்குவதை இன்றே நிறுத்துங்கள். மீத்தேன் இருந்தால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதை அது காட்டாது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவதும் கூடாது, சட்டை தீப்பற்றினால் அணைக்க முடியாது. காற்றுக்கு ப்ளோயர் (காற்று ஊதும் இயந்திரம்) தான். 3 மீட்டர் நீள அகல ஆழத் தொட்டி 27 கன மீட்டர். மணிக்கு 20 தடவை காற்று மாற 540 கன மீட்டர் வேண்டும். குழாய் முனை அடிமட்டத்தருகே இருக்கட்டும். ஜெனரேட்டர் புகையை ப்ளோயர் இழுக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது.

கேள்வி: முகக்கவசம் கொடுத்தால் போதாதா?

பதில்: துணி மாஸ்க், என்95 இரண்டும் தூசிக்கு. வடிகட்டி டப்பா வைத்த மாஸ்க் ஆக்சிஜனை உண்டாக்காது. சிலிண்டர் கருவியோ, வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் கருவியோதான் உதவும். 6 லிட்டர், 300 பார் சிலிண்டரில் 1800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம். மண்வெட்டி பிடித்தால் இன்னும் சீக்கிரம் தீரும்.

கேள்வி (ஆம்பூர், பாதுகாப்புக் குழு உறுப்பினர்): ஒருவர் மயங்கினால் அடுத்தவர் குதித்துவிடுகிறார். அதை எப்படித் தடுப்பது?

பதில்: முழுப் பயிற்சியின் உயிர்நாடி இதுதான். பல விபத்துகளில் இரண்டாவது, மூன்றாவது ஆளும் இறப்பது காப்பாற்றப் போய்த்தான். கூட வேலை செய்தவன் கண்முன்னே விழும்போது "இறங்காதே" என்ற அறிவுரை மனசில் நிற்காது. அந்தக் கைகளுக்கு வேறு வேலை பழக்கியிருக்க வேண்டும்.

தொட்டி வாய்க்கு மேல் ட்ரைபாட் (முக்காலி), அதில் வின்ச் (கயிறு சுற்றித் தூக்கும் கருவி). இறங்குபவருக்கு முழு உடல் ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டை), முதுகு வளையத்தில் கயிறு. இடுப்பு பெல்ட் வேண்டாம். தூக்கும்போது உடம்பு இரண்டாக மடங்கி வாயில் சிக்கிக்கொள்ளும். 60 கிலோ மணல் மூட்டைக்கு ஹார்னஸ் மாட்டி உள்ளே விடுங்கள். மேலே நிற்பவர் விசில் ஊதி, 108-க்குத் தகவல் சொல்லவைத்து, வின்ச்சைச் சுற்றி மூட்டையை 3 நிமிடத்துக்குள் வெளியே எடுக்க வேண்டும். முதல் தடவை நிச்சயம் தாண்டும். கைப்பிடி எந்தப் பக்கம் சுற்றுவது, கயிறு எங்கே விளிம்பில் உரசுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். புது ஆள் வந்தால் அன்றைக்கே. மேலே நிற்பவருக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள், டீ வாங்கக்கூட அனுப்பாதீர்கள்.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை): செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆள் வருகிறார். நாங்கள் என்ன பயிற்சி தரலாம்?

பதில்: நீங்கள் யாரையும் இறக்கவே கூடாது. தகுந்த பாதுகாப்பில்லாமல் இறக்குவதை, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. உரிமம் உள்ள உறிஞ்சு லாரிக்கு 14420-ஐ அழையுங்கள். காவலாளிக்குச் சொல்லித் தர வேண்டியது ஒன்றுதான்: மூடியைத் திறந்தபின் லாரிக் குழாய் தவிர வேறெதுவும், யாரும் உள்ளே போகக்கூடாது, வேலை முடிந்ததும் மூடியைத் தானே மூடிப் பூட்டிவிட்டு வர வேண்டும்.