“எப்போ முடியும்?”: புராஜெக்ட் மேனேஜர் வேலை பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

நல்ல புராஜெக்ட் மேனேஜராக என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மலையின் பல பக்கங்களிலிருந்து கேள்விகள் வந்திருந்தன. நான் கோத்தகிரிக்காரி. முதலில் கட்டட வேலை, இப்போது வீட்டிலிருந்தபடியே கோவை கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் புராஜெக்டுகள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

குன்னூர், மென்பொருள் துறை: அக்கா, போன மாதம்தான் என்னைப் புராஜெக்ட் மேனேஜர் ஆக்கினார்கள். எனக்குக் கோடிங் மட்டும்தான் தெரியும். முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். “எவ்வளவு முடிந்தது?” என்று கேட்டால் எல்லாரும் “எண்பது சதவீதம்” என்பார்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டாலும் அதே எண்பதுதான். “என்ன மிச்சம் இருக்கு? யார்கிட்ட நிக்குது?” என்று கேட்டுப் பாருங்கள். “டெஸ்ட் சர்வருக்கு அனுமதி வரல, திங்கட்கிழமையே மெயில் போட்டேன்” என்று பதில் வரும். சரி, இப்போது உங்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. போய் அந்த அனுமதியை வாங்கிக் கொடுங்கள்.

நான் பார்த்தவரை, வேலை இழுப்பதற்குக் காரணம் ஆட்கள் மெதுவாகச் செய்வது அல்ல. யாரோ எதற்காகவோ காத்துக்கொண்டிருப்பார்கள், அது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்தக் காத்திருப்புகளைத் தேடிப் பிடிப்பதுதான் மேனேஜரின் அன்றாட வேலை. அப்புறம், அவசரம் என்று நீங்களே கோடு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். கை அரிக்கும், தெரியும். ஆனால் நீங்கள் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்க்க ஆள் இருக்காது.

கோத்தகிரி: சொந்த இடத்தில் சின்னதாக ஹோம்ஸ்டே கட்டுகிறேன். கான்ட்ராக்டர் மேட்டுப்பாளையத்துக்காரர். மூன்று மாதத்தில் சாவி கொடுக்கிறேன் என்கிறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்லவில்லை. எல்லாம் சரியாக நடந்தால் மூன்று மாதம். அவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: “வழக்கமா இந்த மாதிரி வீட்டுக்கு எவ்வளவு ஆகும்? எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும்?” ஐந்து, பத்து என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்லபடியான கணக்கு ஒன்று, வழக்கமான கணக்கு நான்கு மடங்கு, மோசமான கணக்கு ஒன்று. மூன்றையும் கூட்டி ஆறால் வகுங்கள். 3 + 20 + 10 = 33. ஆறால் வகுத்தால் ஐந்தரை மாதம். அமெரிக்கக் கடற்படை 1958-இல் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய ‘பெர்ட்’ முறையில் வருகிற கணக்கு இது. ஏவுகணைக்குப் போட்டதை ஹோம்ஸ்டேவுக்கும் போடலாம், தப்பில்லை.

ஆனால் கணக்கைவிட முக்கியம், அந்தப் பத்து மாதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. நம் ஊரில் அது கொத்தனாரின் கையிலிருந்து வருவதில்லை. மண் வெட்டப் பொக்லைன் இறக்க வேண்டுமா? மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எம் சாண்டும் ஜல்லியும் கீழிருந்து லாரி ஏறி வர வேண்டும். மே மாதம் மலர்க் கண்காட்சி நெருங்கினால் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று பாதையை ஒருவழியாக்குவது வழக்கம். நேரே கோத்தகிரிக்கு வரவேண்டிய லோடு ஊரைச் சுற்றிக்கொண்டு வரும், வாடகையும் ஏறும்.

அப்புறம் மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். நமக்கும் குன்னூருக்கும் அக்டோபர், நவம்பர்தான் பயம். 2009 நவம்பரில் இங்கே மழையில் மண் சரிந்தபோது என்ன நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மண் வெட்டிவிட்டுத் தடுப்புச்சுவர் எழுப்பாமல் ஐப்பசி மழையை எதிர்கொள்ளாதீர்கள். ஜனவரியில் மண்வேலை தொடங்கினால் கோடைக்குள் சுவர் நின்றுவிடும்.

கீழ்நாட்டுக் கான்ட்ராக்டர்கள் கோட்டைவிடுகிற இடம் இன்னொன்று உண்டு: குளிர். கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிமுறை ஐ.எஸ். 456, தாங்கும் சுவர் அல்லது உத்திரங்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரை தூரமுள்ள தளத்துக்குக் கீழே முட்டுக்கட்டைகள் ஏழு நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேல் தூரம் என்றால் பதினாலு நாள் என்கிறது. ஆனால் அந்த நாட்கணக்கு சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, அதுவும் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாதபோது. டிசம்பர் இரவில் கோத்தகிரியில் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் வலுப்பெறும். மேட்டுப்பாளையத்தில் ஏழாம் நாள் சென்ட்ரிங் பிரித்த பழக்கத்தில் இங்கேயும் பிரிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அட்டவணையில் தளத்துக்குப் பிறகு வருகிற வெற்று நாட்களை ‘சும்மா இருக்கும் நாள்’ என்று யாராவது வெட்டப் பார்த்தால், ஜன்னல் சட்டம், பிளம்பிங் சாமான் வாங்குவது எல்லாவற்றையும் அந்த நாட்களில் போடுங்கள். நாட்களை மட்டும் குறைக்காதீர்கள்.

எடப்பள்ளி பக்கம், தேயிலை ஃபேக்டரி மெயின்டனன்ஸ்: பழைய டிரையரை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். பத்து நாளுக்கு மேல் ஃபேக்டரியை நிறுத்த முடியாது என்கிறார் முதலாளி. எங்கே ஆரம்பிப்பது?

முதலாளி சொல்வது நியாயம்தான். பறித்த இலை காத்திருக்காது, சூடேறிக் கெட்டுப்போகும்.

ஒரு பெரிய தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஃபேக்டரி ஓடும்போதே செய்யக்கூடியவை இடப்பக்கம், நிறுத்தினால் மட்டுமே செய்யக்கூடியவை வலப்பக்கம். புதிய மின் பேனல், குழாய்களை வெட்டித் தயாராக வைப்பது, போல்ட்டுகளைச் சரிபார்ப்பது எல்லாம் இடப்பக்கம் போக வேண்டும். பழையதைக் கழற்றுவது, புதியதை உட்கார வைத்து மட்டம் பார்ப்பது, சூடான காற்று வரும் குழாயை இணைப்பது, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் வலப்பக்கம். வலப்பக்கத்தில் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாகப் போகிற வேலைகளைக் கோடிட்டு இணையுங்கள். அதிலேயே நீளமான சங்கிலி எத்தனை நாளோ, அத்தனை நாள்தான் உங்கள் புராஜெக்ட். வேறு எதை வேகப்படுத்தினாலும் ஒரு நாள்கூடக் குறையாது. 1950-களின் கடைசியில் டூபான்ட்டும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. ரசாயன ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கவும் அதைத்தான் பயன்படுத்தினார்கள், ஏறக்குறைய உங்கள் பிரச்சினையேதான்.

ஒரு விஷயத்தை இன்றைக்கே செய்யுங்கள். டிரையர் எத்தனை துண்டாக வருகிறது, எந்த லாரியில் வருகிறது என்று சப்ளையரைக் கேளுங்கள். நீள டிரெய்லரில் ஏற்றிவிட்டு, பர்லியாருக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் நின்றால் உங்கள் பத்து நாளில் இரண்டு நாள் ரோட்டிலேயே போய்விடும். ஜனவரி, பிப்ரவரி பனியில் இலை வரத்து குறைந்திருக்கும்போது நிறுத்துங்கள். அப்போதும் வரும் இலையைப் பக்கத்து ஃபேக்டரி எடுத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கூடலூர், ரிசார்ட் வேலை சூப்பர்வைசர்: ஓனர் ஒவ்வொரு தடவை வரும்போதும் “இதையும் சேர்த்துச் செஞ்சிடுங்க” என்கிறார். மறுத்தால் கோபம் வருகிறது.

மறுக்க வேண்டாம். “செஞ்சிடலாம் சார், எவ்வளவு ஆகும்னு சாயங்காலம் அனுப்பறேன்” என்று சொல்லுங்கள். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் மூன்று வரி: என்ன கூடுகிறது, எவ்வளவு செலவு, எத்தனை நாள் தள்ளும். கடைசியில் “சரின்னா ஓகே போடுங்க.” பாதி ஆசைகள் அந்த மூன்றாவது வரியிலேயே அடங்கிவிடும். ஓகே வந்தவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். கடைசி பில் வரும்போது அந்த நோட்டு பேசும்.

மஞ்சூர், தொண்டு நிறுவனம்: எனக்கு 26 வயது. குடிநீர்த் திட்டம் ஒன்றைப் பார்க்கிறேன். கூட இருப்பவர்கள் எல்லாரும் என் அப்பா வயது. கூட்டத்தில் தலையாட்டுகிறார்கள், பிரச்சினையை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதிகாரமாகப் பேச வரவில்லை அக்கா.

அதிகாரம் இங்கே உதவாதும்மா. பெரியவர்கள் சின்னப் பெண்ணிடம் “இது நடக்காது” என்று சொல்லத் தயங்குவார்கள். உங்கள் மனம் கோணும் என்று நினைப்பார்கள், அல்லது “நமக்கெதுக்கு” என்று இருந்துவிடுவார்கள். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் எழுதிய ஒரு வழி இருக்கிறது. வேலை தொடங்கும் முன்பே எல்லாரையும் உட்கார வைத்து, “அண்ணா, அடுத்த வருஷம் இந்த நேரம் நம்ம திட்டம் ஊத்திக்கிச்சுன்னு வச்சுக்கோங்க. ஏன் ஊத்திக்கிச்சு?” என்று கேட்க வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் யோசிக்கட்டும். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

தோற்றுவிட்டது என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இனி காரணம் சொல்பவர் குறை சொல்பவர் ஆகமாட்டார், விவரம் தெரிந்தவர் ஆகிறார். அப்போதுதான் வெளியே வரும்: “ஹெத்தையம்மன் பண்டிகை சமயத்துல ஹட்டியில (படுகர் ஊரில்) யாரும் வேலைக்கு வரமாட்டாங்க, நீ அந்த வாரத்துல பைப் போடறதா எழுதியிருக்கே.” “அந்த ஊற்று மார்ச்சுல வத்திடும்.” இதெல்லாம் எந்த அட்டவணையிலும் இருக்காது.

அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றில் கவனம். கெட்ட செய்தியோடு முதலில் வருகிறவரிடம் உங்கள் முகம் மாறக்கூடாது. “இப்பவே சொன்னீங்களே, நல்லதாப் போச்சு” என்று சொல்லி, அன்றைக்கே அதில் ஏதாவது செய்யுங்கள். ஒருவரைச் சுள்ளென்று பேசினால் போதும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கூட்டத்தில் பேசாதவர் டீக்கடையில் பேசுவார். அங்கேயும் போய் நில்லுங்கள்.

குன்னூர், இன்னொருவர்: புராஜெக்ட் இரண்டு மாதம் லேட். மேலிடம் இன்னும் ஐந்து பேரைத் தருகிறேன் என்கிறது. வாங்கிக்கொள்ளட்டுமா?

மென்பொருள் வேலை என்றால் யோசியுங்கள். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, வேலை தெரிந்தவர்கள் தங்கள் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும். பேச்சும் கூடிவிடும்: ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளப் பத்து ஜோடி, பத்து பேர் என்றால் நாற்பத்தைந்து. தேயிலை பறிப்பது போல ஆளுக்கொரு வரிசை என்று பிரிக்க முடிகிற வேலைக்கு ஆள் சேர்க்கலாம். உங்களுடையது அப்படியா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால், எதை இந்தத் தடவை விட்டுவிடலாம் என்று மேலிடத்திடம் கேளுங்கள்.

கொடைக்கானல்: பி.எம்.பி. சான்றிதழ் எடுத்தால்தான் வேலை கிடைக்குமா?

பெரிய ஐ.டி. கம்பெனி, வெளிநாட்டு வேலை என்றால் விண்ணப்பத்தை மேலே தூக்கிவிடும். 1969-இல் தொடங்கிய அமெரிக்க அமைப்பான பி.எம்.ஐ. தருவது அது. நான்கு வருடப் பட்டதாரி என்றால் 36 மாதம் புராஜெக்ட் நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். அனுபவம் இல்லாதவர்களுக்கு அதே அமைப்பின் சி.ஏ.பி.எம். இருக்கிறது. வத்தலக்குண்டு இறங்கி கிளாஸுக்கு அலைய வேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் பழனி மலையில் ஹோட்டல், பண்ணை, கட்டட வேலை பார்க்கப்போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்துக்கு வேறு செலவு பாருங்கள்.

ஊட்டி, கல்லூரி மாணவர்: நம்ம மலை ரயிலை நல்ல புராஜெக்ட்டுக்கு உதாரணமாக எழுதலாமா? ரொம்ப வருஷம் ஆனதாமே?

எழுதலாம், ஆனால் புகழ்ந்து மட்டும் எழுதாதீர்கள். 1854-இல் யோசனை வந்தது, வேலை தொடங்கியது 1891-இல். தொடங்கிய கம்பெனி நடுவில் நொடித்துப்போய், வேறொரு கம்பெனி எடுத்து முடித்தது. அந்த வகையில் பட்ஜெட் பாடம்தான். எனக்குப் பிடித்தது அவர்கள் வேலையைப் பிரித்த விதம். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிற செங்குத்தான பகுதி கல்லாறிலிருந்து குன்னூர் வரை. அங்கேதான் பல்சக்கரப் பாதை வேண்டும். கஷ்டமான அந்தத் துண்டை முடித்து 1899-இல் குன்னூர் வரை ரயிலை ஓட்டிவிட்டார்கள். குன்னூரிலிருந்து ஊட்டி வரை பல்சக்கரம் வேண்டியதில்லை, அது 1908-இல் வந்தது. பயமுறுத்துகிற பகுதியை முதலில் எடுத்தது, முழுதும் முடியும்வரை காத்திருக்காமல் முடிந்த பகுதியைப் பயனுக்கு விட்டது, இந்த இரண்டையும் வைத்து நான்கு பக்கம் எழுதலாம்.

கோத்தகிரி: எந்த சாப்ட்வேர் நல்லது?

எக்செல். ஐம்பது வேலைக்கு மேல் போனால் மறுபடி கேளுங்கள்.

குந்தா: சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாதா மாதம் இருபது பக்க ரிப்போர்ட் அனுப்புகிறேன். யாரும் படிப்பதில்லை. என்ன செய்வது?

இருபது பக்கத்தை இணைப்பாகப் பின்னால் வையுங்கள். மெயிலில் மூன்று விஷயம் மட்டும்: முடியும் தேதி என்ன, போன மாதத்திலிருந்து அந்தத் தேதி எத்தனை நாள் நகர்ந்தது, ஏன். மூன்றாவதாக, உங்களுக்கு அவர்களிடமிருந்து என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். “மின் இணைப்பு விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து 12-ஆம் தேதிக்குள் வேண்டும். தவறினால் திறப்பு விழா ஒரு வாரம் தள்ளிப்போகும்” என்று பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அன்று மதியமே போன் வரும்.