டேகேர் கட்டணத்தை யாருடைய சம்பளத்தில் கழிப்பது?

டெக்சஸில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “நானும் கணவரும் கிரீன் கார்டு பெற்றவர்கள்; இருவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு குழந்தைகளின் டேகேர் கட்டணத்துக்கே என் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. 31 வயதில்தான் இங்கே வேலையில் சேர்ந்தேன். நான்கு ஆண்டுகள் வேலையை விட்டு வீட்டில் இருக்கலாமா?”

டேகேர் கட்டணத்தை உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்துப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். குழந்தைகள் உங்கள் இருவருக்கும் பொது, செலவும் அப்படியே. மனைவியின் சம்பளத்தில் மட்டும் கழிப்பது, கணவர் மட்டும் சம்பாதித்த காலத்தின் கணக்கு. ப்யூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கத் தம்பதியரில் கணவர் ஒருவரே சம்பாதித்த குடும்பங்கள் 1972இல் 49 சதவீதமாக இருந்து, 2022இல் 23 சதவீதமாகக் குறைந்துவிட்டன. இருவரும் ஏறத்தாழச் சமமாகச் சம்பாதிப்பவை 11 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாகவும், மனைவியே முதன்மையாகச் சம்பாதிப்பவை 5 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகவும் உயர்ந்துள்ளன. ஆனால் வரி முறை பழைய காலத்தது: கணவன் மனைவி கூட்டாகத் தாக்கல் செய்யும்போது மொத்த வருமானத்தை இரண்டாகப் பிரித்து வரி கணக்கிடும் முறை 1948இல் வந்தது. அதில் இரண்டாவது சம்பளம் முதல் சம்பளத்தின் மேல் ஏறி உயர்ந்த விகிதத்தில் வரி கட்டுவதால், குறைவாகச் சம்பாதிப்பவரின் உழைப்பு உண்மையைவிடச் சிறியதாகத் தெரிகிறது.

உங்களைப் போலத் தாமதமாகக் குடியேறியவர்கள் கவனிக்கத் தவறும் இழப்பு ஓய்வூதியத்தில் இருக்கிறது. அமெரிக்க அரசின் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி தொகை, அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. குறையும் ஒவ்வோர் ஆண்டும் பூஜ்யமாகச் சேரும். 31 வயதில் தொடங்கி 67 வரை உழைத்தாலும் 36 ஆண்டுகள்தான் என்பதால், நான்கு ஆண்டுகள் விலகினால் மூன்று பூஜ்யங்கள் உறுதி. அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையே உழைத்த ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தம் இல்லாததால், இந்தியாவில் உழைத்த ஆண்டுகளும் கைகொடுக்கா. கணவரின் முழுத் தொகையில் பாதிவரை மனைவிக்குத் தரும் ஏற்பாடு 1939 முதல் உண்டு. ஆனால் உங்கள் சொந்தத் தொகை அந்தப் பாதியைத் தாண்டினால் அதனால் பயனில்லை. மணமுறிவு நேர்ந்தாலோ, திருமணம் 10 ஆண்டுகளாவது நீடித்திருந்தால்தான் அந்த உரிமை கிடைக்கும். வேலையில் இல்லாத ஆண்டுகளில் தவறும் ஊதிய உயர்வுகள், திரும்பிச் சேரும்போது குறைந்த சம்பளத்தில் தொடங்க வேண்டிய நிலை ஆகியவை இதற்கு மேல்.

குழந்தைகளுடன் இருக்க நீங்களே விரும்பினால் அது முழுமையான காரணம். அதற்குக் கணக்கு தேவையில்லை. கட்டணம் மட்டுமே காரணமென்றால், விட வேண்டாம் என்பதே என் கருத்து. ஐந்து வயதில் அரசுப் பள்ளியின் கிண்டர்கார்டன் தொடங்கியதும் இச்செலவு வெகுவாகக் குறையும். அதுவரை இருவரில் யாருக்கு வேலை நேரத்தைக் குறைக்க முடியும் என்று இரு நிறுவனங்களிலும் கேளுங்கள், கணவரும் கேட்கட்டும். நிறுவனத்தில் குழந்தைப் பராமரிப்புக்கான வரிவிலக்குக் கணக்கு இருந்தால், 2026 முதல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 7,500 டாலர் வரை வரியின்றி ஒதுக்கலாம். எப்படியும் விலக முடிவு செய்தால், கணவரின் சம்பளத்திலிருந்து உங்கள் பெயரிலேயே தனி ஐ.ஆர்.ஏ. (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் ஆண்டுதோறும் பணம் போடுவதை, வேலையை விடும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.