மேலே போனால் காற்று பிரிவது ஏன்?

அன்புள்ள ஐயா,

சென்னையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக 500 கி.மீ. வரை காற்றின் அடர்த்தியைக் கணக்கிட ஒரு புரோகிராம் எழுதினேன். சராசரி மூலக்கூறு எடை 29 என்று வைத்து ஒரே சமன்பாடு. கைடு பார்த்துவிட்டு, மேலே ஒவ்வொரு வாயுவுக்கும் தனிக்கணக்கு போடு என்கிறார். கனமான கரியமில வாயுவே தரையில் படியவில்லை, அங்கே மட்டும் ஏன் பிரிய வேண்டும்?

கா., தாம்பரம்

அன்புள்ள கா.,

உங்கள் கைடு சொல்வதுதான் சரி. எடைக்கேற்பப் பிரியத்தான் எல்லா வாயுக்களும் பார்க்கின்றன. கிண்டியிலோ தாம்பரத்திலோ மூலக்கூறுகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அது ஆமை வேகத்தில்தான் நடக்கும், அதற்குள் காற்றின் சுழல்கள் எல்லாவற்றையும் கலக்கிவிடும். ஏறக்குறைய 100 கி.மீ. வரை இந்தக் கலக்கல்தான் ஜெயிக்கிறது, அதுவரை உங்கள் 29 செல்லும். அதற்கு மேல் காற்று மெலிந்து, பிரிதல் முந்திக்கொள்கிறது.

அப்புறம் ஒவ்வொரு வாயுவும் தன்பாட்டுக்கு இருக்கும். வெப்பநிலையை 1000 கெல்வின் என்று வைத்து 300-லிருந்து 500 கி.மீ.க்குப் போய்ப் பாருங்கள்: நைட்ரஜன் ஏறக்குறைய 350-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அணு ஆக்சிஜன் 30-இல் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஹீலியமோ நாற்பது சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கும். இந்த மூன்றையும் ஒரு சராசரியில் அடைக்க முடியாது.

அணு ஆக்சிஜன் என்று சொன்னதைக் கவனித்தீர்களா? புற ஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை உடைத்துவிடுகிறது, உடைந்த இரண்டும் மறுபடி சேர மூன்றாவதாக ஒன்று வந்து மோத வேண்டும், அந்த வெற்றிடத்தில் அது எங்கே கிடைக்கும்? சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் பெரும்பாலும் இருப்பது இதுதான், பாலிமர் உறைகளை அரித்துத் தின்பதும் இதுதான்.

இதைவிடப் பெரிய தலைவலி வெப்பநிலை. நம்ம ஊர் மே மாத வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூரியன் வீசும் புற ஊதாக் கதிரைப் பொறுத்து சில நூறு கெல்வின் ஏறும், இறங்கும். 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை விழுந்தது, புவிகாந்தப் புயலால் சூடான மேல் காற்று விரிந்து இழுவை கூடியதால்தான். ஆகவே 500 கி.மீ.க்கு ஒரே ஒரு அடர்த்தி என்று எழுதாதீர்கள். 120 கி.மீ.யில் தொடங்கி நைட்ரஜன், ஆக்சிஜன், அணு ஆக்சிஜன், ஹீலியம் நான்கையும் தனித்தனியாக ஏற்றுங்கள், 700, 1000, 1300 கெல்வின் மூன்றுக்கும் ஓட்டி, கடைசியில் கூட்டுங்கள். எம்சிஸ் (MSIS) என்ற வளிமண்டலக் கணக்கு மாதிரியோடு ஒப்பிடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.