மறு: மட்டக்களப்பு நகரக் கட்டுரையின் முன்னுரையில் எதை விடுவது?

உங்கள் வரைவு மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனில் தொடங்கி, பாசிக்குடாக் கடற்கரை, கிழக்குப் பல்கலைக்கழகம், தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர், சுனாமி என்று எட்டுப் பத்தி ஓடுகிறது. எதை வெட்டுவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் எல்லையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டுரை மாநகர சபைக்குட்பட்ட நகரத்தைப் பற்றியது, மாவட்டத்தைப் பற்றியது அல்ல. பாசிக்குடாவும் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகமும் மாவட்டத்தில்தான் உள்ளன, நகருக்குள் இல்லை. விபுலாநந்தர் பிறந்த காரைதீவு இன்று அம்பாறை மாவட்டம். 1961இல் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்படும் முன் எழுதிய நூல்களைப் பார்த்து எழுதுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சனத்தொகையிலும் இதே கவனம் வேண்டும்: மாவட்டத் தொகையை நகரத்துக்குப் போட்டால் கட்டுரையே பிழையாகிவிடும். எந்த ஆண்டுக் கணக்கெடுப்பு, எந்த எல்லை என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

முதல் வசனம் அலங்காரமில்லாமலே இருக்கட்டும்: இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்பு மாவட்டத்தின் தலைநகர். அடுத்தது வாவி (கடலோர நீரேரி). நகரின் பகுதிகளான புளியந்தீவும் கல்லடியும் வாவிக்கு எந்தப் பக்கம் என்று தெரியாதவருக்கு இந்த நகரின் அமைப்பே விளங்காது, ஆகவே இதற்கு இரண்டு வசனம் தாராளமாகக் கொடுக்கலாம். போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைப்பற்றிய கோட்டைக்கு ஒரு வசனம். உள்நாட்டுப் போருக்கும் 2004 சுனாமிக்கும் ஒவ்வொன்று, விவரம் கட்டுரையின் உடற்பகுதியில். இவற்றைத் தவிர்க்கவே கூடாது, இன்றைய நகரை உருவாக்கியவை அவை.

பாடும் மீனை நீக்க வேண்டாம், இறுதிக்கு நகர்த்துங்கள். ‘எழில் கொஞ்சும்’, ‘புகழ்பூத்த’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். உடற்பகுதியில் இல்லாத எதுவும் முன்னுரையில் வரக்கூடாது. உங்கள் வரைவில் கோயில் பட்டியல் அப்படித்தான் நிற்கிறது.